ரஃபேல் எங்கேயும் போகலை!

"ரஃபேல் நம்மகிட்டயே இருக்கப் போவுதுய்யா! கையெழுத்துப் போட்டாச்சு!"

2020-ம் வருஷம். கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருமுனை டீக்கடை. முகத்தில் பாதி மாஸ்க், மீதி மீசை என்று நான் ஓடி வந்து இப்படிக் கத்தியதும், பார்சல் டீக்காகத் தூக்கு வாளியோடு நின்றிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதான் தெரியுமே. பிரான்ஸ்லருந்து வாங்கற சண்டை விமானம்தானே? பேப்பர் பூரா அதானே!" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

"ஐயோ, அது இல்லைங்க. இது பிரேசில் ரஃபேல். ரஃபேல் கிரிவெல்லாரோ. நம்ம சென்னையின் எஃப்.சி. டீமுக்கு ஆடற ஃபுட்பால் பிளேயர். அடுத்த சீசனும் இங்கேதான் ஆடுவேன்னு ஒப்பந்தம் போட்டுட்டாரு!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பந்தாட்டமா? அதுக்கா இந்த ஓட்டம் ஓடி வந்தே? நான் கள்ளக்குறிச்சிக்கு பஸ் விட்டுட்டானோன்னு நெனச்சேன்" என்று மறுபடி மாஸ்க்கை ஏற்றிக்கொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் கோமுகி அணையில் தண்ணீர் எத்தனை அடி என்று கேளுங்கள், சின்னக் குழந்தை கூடச் சொல்லும். (மொத்தம் 46 அடி. மழை நாளில் தினம் இதுதான் பேச்சு.) சர்க்கரை ஆலையில் கரும்பு அரவை எப்போது, மரவள்ளி என்ன விலை என்று கேட்டால் கூட்டமே கூடி விடை சொல்லும். ஃபுட்பால் என்றால் மட்டும் ஒரே ஒரு ஆள்தான். அந்த ஒரு ஆள் நான்!

இந்த வியாதி எனக்கு எங்கே தொற்றியது என்று சொல்லிவிடுகிறேன். 96-ல் மோட்டார் காயில் கட்டும் தொழில் பழக மெட்ராஸ் போனேன். கடை வியாசர்பாடியில். தெருவுக்கு நாலு ஃபுட்பால் பிளேயர் இருக்கிற பேட்டை அது. சாயங்காலம் ஆனால் செருப்பு கூட இல்லாமல் பையன்கள் ஆடுவார்கள் பாருங்கள், பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வரும். முதலாளி கூப்பிடுவது காதில் விழாது. அதற்காக வாங்கிய திட்டையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் ஒரு சப்மெர்சிபிள் மோட்டாரே வாங்கியிருக்கலாம். ஐந்து வருஷம் கழித்து ஊருக்கு வந்து சொந்தக் கடை போட்டேன். கூடவே பந்துப் பைத்தியமும் பஸ் ஏறி வந்துவிட்டது.

2014-ல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்தது. மெட்ராஸுக்கு ஒரு டீம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. 'சென்னையின் எஃப்.சி.' என்று பெயர் வைத்தார்கள். சென்னையின் என்ன? சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள்! சொந்தக்காரர்களில் அபிஷேக் பச்சன் ஒருத்தர், டோனி ஒருத்தர். "டோனியே வெச்சிருக்காருன்னா அது கிரிக்கெட்டாதான் இருக்கும்" என்று வீட்டுக்காரம்மா ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

முதல் வருஷம் எலானோ என்று பிரேசில்காரர் வந்து எட்டு கோல் போட்டு தங்க ஷூ வாங்கினார். 2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த அதே மாசம், கோவாவில் போய் கோவாவையே கடைசி இரண்டு நிமிஷத்தில் மடக்கி 3-2 என்று கோப்பையைத் தூக்கினார்கள். 2018-ல் மறுபடி கோப்பை. பெங்களூரில், பெங்களூர் டீமுக்கு எதிராக, அதே 3-2. அந்த வருஷம் கோவாவோடு நடந்த செமி ஃபைனலில் ஒரு கோல் போட்டவர் தன்பால் கணேஷ். வியாசர்பாடிப் பையன்! அன்றைக்குக் கடையில் எரிந்துபோய்க் கிடந்த மோட்டார்களுக்கெல்லாம் சேர்த்து சூடம் காட்டினேன்.

ஆனால் இங்கேதான் ரசிகனுக்கு ஒரு சாபம் இருக்கிறது. ஐ.எஸ்.எல்.லில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வருவார்கள். நாம் அவர் பெயரைத் திக்காமல் சொல்லப் பழகுவதற்குள் பெட்டி கட்டிவிடுவார்கள். 2018 ஃபைனலில் நமக்காக மூணாவது கோல் போட்டவர் ரஃபேல் அகஸ்டோ. அவரும் பிரேசில், அவரும் மிட்ஃபீல்டர். அவர் வருஷக்கணக்கில் நம்மோடு இருந்தார். 2019-ல் அவரும் போனார். எங்கே? பெங்களூருக்கு! யாரைத் தோற்கடித்தாரோ அங்கேயே. மூணு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. "உங்க தங்கச்சி கல்யாணமாகிப் போனப்போ கூட இப்படி இருக்கலை" என்று வீட்டில் குத்திக்காட்டல் வேறு.

அந்த வருஷம் வந்தவர்தான் இந்த இரண்டாவது ரஃபேல்.

முதலில் எனக்கு அவர் மேல் பெரிய அபிப்பிராயம் இல்லை. டீமே படு மோசம். முதல் ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. கோச் ஜான் கிரகரி நவம்பர் கடைசியில் விலகினார். ஓவன் கோய்ல் வந்தார். வந்து என்ன மந்திரம் போட்டாரோ, டீமே வேறு மாதிரி ஓட ஆரம்பித்தது.

மிட்ஃபீல்டர் என்றால் என்ன என்று என் கடைக்கு வருகிற விவசாயிகள் கேட்பார்கள். நான் சொல்வது இதுதான்: "மடை திருப்பறவர்." வாய்க்காலில் தண்ணி வருது. யார் வயலுக்கு, எப்போ, எவ்வளவு? மண்வெட்டியோடு ஒருத்தர் நிற்பார். சத்தமே போடமாட்டார். ஒரு வெட்டு இங்கே, ஒரு அணை அங்கே. தண்ணி தானாகப் போய் நெல்லுக்கு நிற்கும். அறுவடை அன்றைக்கு மாலை மரியாதையெல்லாம் வயல்காரருக்குத்தான். மடை திருப்பினவரை யாரும் கேட்பதில்லை. கோல் போடுகிறவர் வயல்காரர். கிரிவெல்லாரோ மடைக்காரர்.

பந்து தன் காலுக்கு வருவதற்கு முன்னாலேயே தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான். அடுத்த விநாடி அந்த இடது கால் லேசாகத் தட்டும். பந்து இரண்டு பேருக்கு நடுவே, யாரும் எதிர்பார்க்காத சந்தில் போய் வால்ஸ்கிஸ் காலில் விழும். வால்ஸ்கிஸ் லிதுவேனியாக்காரர். அந்த சீசனில் 15 கோல். தங்க ஷூ அவருக்கு. மடைக்காரர் கணக்கு? 7 கோல் போட்டார், 8 கோல் போடவைத்தார்.

2020 ஜனவரியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டோடு ஆட்டம். கோல்கீப்பர் கொஞ்சம் முன்னால் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, அவ்வளவு தூரத்திலிருந்து அப்படியே பந்தைத் தூக்கி அனுப்பினார். அது வானத்தில் போய், யோசித்து, இறங்கி, வலைக்குள் விழுந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. (நிஜம் ஸார். அடுத்த நாள் கயிறு வாங்கித் தந்தேன்.) பிப்ரவரி 1-ந் தேதி கொச்சிக்கே போய் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3. அதில் இரண்டு நம்ம ஆளுடையது. டீம் நாலாவது இடம் பிடித்து, செமி ஃபைனலில் கோவாவைத் தாண்டி, ஃபைனல் வரைக்கும் போய்விட்டது!

ஃபைனல் மார்ச் 14. கொரோனா பயத்தில் ஆளே இல்லாத கோவா ஸ்டேடியம். கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 1-3 தோல்வி. காலி நாற்காலிகளைப் பார்த்து ஆடினார்கள். பத்து நாளில் நாடே காலி நாற்காலி ஆகிவிட்டது.

இப்போது என் கடை விஷயத்துக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு நான் ஏன் ஓடினேன் என்று உங்களுக்குப் புரியாது.

கடை போட்ட நாளிலிருந்து எட்டு பையன்களுக்குத் தொழில் பழக்கியிருக்கிறேன். கம்பி சுற்றுவது, ஸ்லாட்டில் இறக்குவது, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பது என்று எல்லாம். நன்றாகக் கை வந்ததும் ஒவ்வொருத்தனாகக் கிளம்பிவிடுவான். ஒருத்தன் திருப்பூர், ஒருத்தன் ஓசூர், இரண்டு பேர் கேரளா, ஒருத்தன் சவூதி... தப்பு சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் படித்தவனும் போகிறான், படிக்காதவனும் போகிறான். ஆனாலும் ஒருத்தன் பையை மாட்டிக்கொண்டு, "வரேண்ணே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறும்போது கடைக்குள் ஏதோ ஒரு பல்ப் அணைந்த மாதிரி இருக்கும்.

ஒன்பதாவதாக வந்தவன் கல்வராயன்மலைப் பையன். வெள்ளிமலைப் பக்கத்து ஊர். வந்த புதிதில் பேசவே மாட்டான். எரிந்த மோட்டாரைத் திறந்து மூக்கால் முகர்ந்தே, "ரெண்டு ஃபேஸ்ல ஓட்டியிருக்காங்கண்ணே" என்பான். சரியாக இருக்கும். மேட்ச் அன்றைக்கு என்னோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தான். ஒரே மாசத்தில் என்னை விடப் பெரிய பைத்தியம் ஆகிவிட்டான். கிரிவெல்லாரோ என்கிற பெயரைத் திக்காமல் முதலில் சொன்னது கூட அவன்தான். நான் அதுவரை 'கிரிவலம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்!

லாக்டவுனில் அவன் மலைக்குப் போகமுடியாமல் என் வீட்டிலேயே தங்கினான். ஊரே அடங்கிக் கிடந்தாலும் விவசாயத்துக்குத் தடை இல்லை, மோட்டார் எரிவதற்கும் தடை இல்லை. வேலை ஓடியது. ராத்திரி பழைய மேட்ச்களை செல்போனில் பார்ப்போம்.

அந்த மாசங்களில்தான் ஒவ்வொன்றாகக் கெட்ட செய்தி. வால்ஸ்கிஸ் ஜாம்ஷெட்பூர் போகிறார். கோச் கோய்ல்? அவரும் ஜாம்ஷெட்பூர்! கோல் போட்டவரும் போய், போடவைத்த வாத்தியாரும் போனால் பாக்கி என்ன? "ரஃபேலும் போயிடுவாருண்ணே" என்றான் பையன், காயிலைச் சுற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல். அவன் சொன்ன விதத்தில் எனக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது. ஓசூரில் அவன் மாமா ஒருத்தர் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று நாலு நாளாக போனில் பேசிக்கொண்டிருந்தார்.

இந்தப் போக்குவரத்துக்கு நடுவில்தான் அந்தக் காலைச் செய்தி. கிரிவெல்லாரோ இருக்கிறார்! இப்போது சொல்லுங்கள், நான் டீக்கடைக்கு ஓடியது தப்பா?

வீட்டுக்கு வந்து கேசரி கிளறச் சொன்னேன். "என்ன விசேஷம்?" என்றாள். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள்.

"அந்த ஆளு ஏன் இருந்தாரு? உங்க மூஞ்சிக்காகவா? சம்பளம் பேசி, காயிதத்துல எழுதி, கையெழுத்து வாங்கி வெச்சிருக்காங்க. நீங்க எட்டுப் பசங்கள்ல எவனுக்காவது அப்படி எழுதிக் குடுத்தீங்களா? போறான் போறான்னு பொலம்பறீங்களே, இருடான்னு கேட்டிருக்கீங்களா?"

கேசரி முந்திரி தொண்டையில் நின்றது.

மறுநாள் பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதினேன். இரண்டு வருஷம். சம்பளம் மாசம் மூவாயிரம் கூட. மலையில் அவங்க ஊர்த் திருவிழாவுக்கு நாலு நாள் லீவு. சென்னையின் எஃப்.சி. மேட்ச் இருக்கிற அன்றைக்கு ஏழு மணிக்குக் கடை அடைப்பு. (இது அவன் கேட்டுச் சேர்த்தது.) இரண்டு வருஷம் முடிந்து தனியாகக் கடை போட நினைத்தால் பழைய சுற்று மெஷின் அவனுக்கு. (இது வீட்டுக்காரம்மா சேர்த்தது. என்னைக் கேட்கவே இல்லை.)

பையன் அதை இரண்டு முறை படித்தான். ஒன்றும் பேசவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். அப்புறம், "அண்ணே, போட்டோ புடிக்கணும்ல?" என்றான். டீமில் ஆட்டக்காரர் ஒப்பந்தம் போட்டால் ஜெர்ஸியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுப்பார்கள் இல்லையா? எங்களிடம் ஜெர்ஸி இல்லை. ஐந்து ஹெச்.பி. மோட்டாரின் மூடியைப் பிடித்துக்கொண்டு எடுத்தோம்.

அந்த சீசன் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். கொரோனாவால் எல்லா ஆட்டமும் கோவாவிலேயே. கிரிவெல்லாரோவை கேப்டன் ஆக்கினார்கள். டிசம்பர் கடைசியில் காலில் அடி. சீசன் முழுக்க அவர் அவுட். டீம் எட்டாவது இடம். எந்த ஆளுக்காகக் கேசரி தின்றோமோ அவர் கட்டுப் போட்ட காலோடு கிடந்தார். அன்று ராத்திரி நான் டி.வி.யை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பையன்தான் சொன்னான்: "போகலையேண்ணே. அடிபட்டுதானே இருக்காரு."

எனக்கு என்னவோ அது போதுமாக இருந்தது.

2022-ல் அவரும் ஜாம்ஷெட்பூர் போனார். அதே வருஷம் எங்கள் பில் புக் ஒப்பந்தமும் முடிந்தது. பையன் இன்னும் சில மாசம் இருந்தான், வேறு ஆள் கிடைக்கும் வரை. அப்புறம் சொன்ன சொல்லுக்கு சுற்று மெஷினைத் தூக்கி மலைக்குப் போகிற ஒரு டெம்போவில் வைத்தோம். வெள்ளிமலையில் சின்னதாகக் கடை. மலைக்காரர்கள் மோட்டாரைக் கட்டித் தூக்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி வரவேண்டியதில்லை. எனக்கு வரும்படி குறைந்தது. "குறையட்டும்" என்று வீட்டில் உத்தரவு.

2023-ல் ஒரு நாள் அவனிடமிருந்து போன். மலையில் சிக்னல் எப்படி என்று தெரியுமே. "அண்ணே... ரஃபேல்... திரும்..." கட். மறுபடி, "நம்ம... வந்துட்டா..." கட். நான் வாசலுக்கு ஓடி, "எந்த ரஃபேல்? எங்கே வந்துட்டார்?" என்று கத்த, உள்ளேயிருந்து, "விமானமா, பந்தா?" என்று குரல்.

பந்துதான்! கோச் கோய்லும் திரும்பி வந்தார், கிரிவெல்லாரோவும் திரும்பி வந்தார். அதே சமயம் டேராடூனிலிருந்து சின்னப் பையனாக 2016-ல் வந்து, நம் டீமிலேயே வளர்ந்து கேப்டனும் ஆன அனிருத் தாபா மோகன் பகானுக்குப் போனார். அவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஃபுட்பால்காரன் காலுக்கு ஆயுசு பத்துப் பதினைந்து வருஷம். அதற்குள் நாலு காசு பார்க்கவேண்டாமா? ஆனால் கோபம் இல்லை என்பது வேறு, வலி இல்லை என்பது வேறு.

2024 ஆரம்பத்தில் நானும் பையனும் சென்னைக்கு பஸ் ஏறினோம். அத்தனை வருஷத்தில் நேரு ஸ்டேடியத்துக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நீலச் சட்டைப் பையன்கள் தாரை தப்பட்டையோடு நின்றார்கள். ரசிகர் மன்றத்துக்குப் பெயர் 'சூப்பர் மச்சான்ஸ்'! நாற்பத்தெட்டு வயசில் மச்சான் ஆவதில் ஒரு கூச்சம் இருந்தது. பத்து நிமிஷத்தில் போய்விட்டது.

டி.வி.யில் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது. டி.வி. பந்தைத்தான் காட்டும். நேரில் ஆளைப் பார்க்கலாம். முப்பத்தைந்து வயசு மனுஷன். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போதே இந்தப் பக்கம் திரும்பி யார் எங்கே என்று கணக்கெடுத்துக்கொண்டே இருந்தார். பழைய வேகம் இல்லை. அந்தப் பார்வை மட்டும் அப்படியே. பந்து வந்தது, இடது கால் தட்டியது, இரண்டு பேருக்கு நடுவில் சந்து திறந்தது.

"அண்ணே, மடை!" என்று பையன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். சுற்றியிருந்தவர்கள் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார்கள்.

அந்த சீசனில் டீம் ஆறாவது இடம். பிளே ஆஃபில் கோவாவிடம் தோல்வி. அதோடு கிரிவெல்லாரோ கணக்கும் இங்கே முடிந்தது. 2025-ல் ஐ.எஸ்.எல்.லே எப்போது தொடங்கும் என்று தெரியாமல் மாசக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. சம்பளமே நிற்கிற நிலையில் யாரைப் போகாதே என்று சொல்வது? அந்த நாட்களில் ஒரு காலை டீக்கடையில் பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். மாஸ்க் போய்விட்டது. ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

"என்னாப்பா, உன் ரஃபேலு இருக்கறானா, போயிட்டானா?"

"போயிட்டாருங்க."

"ம்... அந்த மலைப் பையன்?"

"வெள்ளிமலையிலதான் இருக்கான். நேத்து கூட கம்பி வாங்க வந்திருந்தான். ரெண்டு பசங்களுக்குத் தொழில் பழக்கறானாம்."

பெரியவர் கிளாஸை ஒரு சுற்று சுற்றிக் கடைசி மடக்கைக் குடித்தார்.

"பசங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கானான்னு கேளு" என்றார்.